துருவும் கரும்புப் பாகும்: பழைய காரை வீட்டிலேயே குறைந்த செலவில் மீட்பது

பழைய கார் பார்க்கப் போகும்போது பணப்பையை எடுப்பதற்கு முன் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் மெல்லிய காந்தம் ஒன்று, முனை மழுங்கிய திருப்புளி ஒன்று. காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, முன்கண்ணாடியின் கீழ்மூலை என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். நழுவி விழுகிற இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் திருப்புளியால் அழுத்துங்கள். ‘டங்’ என்று சத்தம் வந்தால் நல்லது. ‘சரக்’ என்றால் விலையைக் குறையுங்கள், அல்லது கிளம்பிவிடுங்கள்.

என் 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வாங்கப் போனபோது இவை இரண்டும் என்னிடம் இல்லை. வெளிர்நீலப் பெயின்ட் பளபளத்தது. அதில் மயங்கினேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்த மூன்றாம் வாரம், பின்னிருக்கையில் ஏறிய என் மகளின் கால் தரைவிரிப்போடு சேர்ந்து கீழே இறங்கியது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளை மடித்து வைத்து, அதன்மேல் பட்டி பூசிக் கறுப்புத் தாரும் அடித்திருந்தார்கள். அந்தத் தாளில் கிரிக்கெட் ஸ்கோர்கூடப் படிக்கும்படி இருந்தது.

கராஜ் இல்லாமல், வாசலில் ஒரு தகரக் கூரையும் கையில் சனிக்கிழமைகளும் மட்டுமே இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். முழுப் பீட்டிலையும் கழற்றி எலும்புக்கூடாக்கும் கதை இதில் இல்லை. அப்படிக் கழற்றிய வண்டிகளில் பாதி, பெட்டிகளில் அடைத்த பாகங்களாகவே விற்பனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வண்டி, எந்த ஊர் வண்டி

மனத்துக்குப் பிடித்த வண்டியைவிட உதிரிபாகம் கிடைக்கும் வண்டியே ஏழைக்கு நல்லது. பீட்டில் 1951 முதல் 1979 வரை இந்த நாட்டிலேயே, அப்போது யூட்டன்ஹேக் என்றும் இப்போது கரீகா என்றும் அழைக்கப்படும் ஊரில், தயாரானது. மெக்சிகோவில் 2003 வரை செய்தார்கள். அதனால் தரைத்தகடு முதல் கதவு ரப்பர் வரை இன்னும் புதிதாகவே வாங்கலாம். டாட்சன் 1200 இன்னொரு நல்ல தேர்வு. அதன் பக்கி, அதாவது இங்கே நாங்கள் அப்படி அழைக்கும் சிறு பிக்கப் வண்டி, நிசான் 1400 என்ற பெயரில் 2008 வரை விற்பனையானது. முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரும் சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை இங்கே தயாரானதால், அதன் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. அபூர்வமான இத்தாலிய வண்டி யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், ஏன் மலிவு என்று ஒரு வாரம் யோசியுங்கள்.

எந்த ஊரில் கிடந்த வண்டி என்பது அதைவிட முக்கியம். இசிப்பிங்கோ கடற்கரையிலோ பிளஃப் பகுதியிலோ இருபது ஆண்டுகள் நின்ற வண்டி உப்புக் காற்றைக் குடித்தே வளர்ந்திருக்கும். துருப்பிடிக்க இரும்பும் நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உயர்நில வண்டிகளில் வெயிலால் ரப்பரும் இருக்கைத் துணியும் வெடித்திருக்கும், ஆனால் தகடு உறுதியாக இருக்கும். ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தூரம் ஏற்றி வரும் கூலி, ஒரு வண்டிக்கான புதுத் தகட்டையும் வெல்டிங் கூலியையும் பார்க்கும்போது பெரிதல்ல.

காகிதங்களில் சோம்பல் வேண்டாம். பதிவுச் சான்றிதழ் விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பீட்டிலில் அந்த எண் பின்னிருக்கைக்குக் கீழே, நடுவில் ஓடும் சுரங்கத் தகட்டின் மேல் இருக்கும். பின்னால் அங்கே கிரைண்டர் பிடிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எண்ணைத் தேய்த்துவிட்டால் காவல்துறைச் சோதனையில் கழுத்தளவு சிக்கல் வரும். ‘கோட் 4’ என்று குறிக்கப்பட்ட வண்டி நிரந்தரமாக அழிக்கப்பட்டதாகக் கணக்கு. அதை மறுபடியும் பதிவுசெய்யவே முடியாது. பல ஆண்டுகளாக உரிமக் கட்டணம் கட்டாத வண்டிக்கு நிலுவையும் அபராதமும் சேர்ந்திருக்கும். கைமாற்றும்போது, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ‘ரோட்வொர்தி’ சான்றிதழும் தேவை. இந்த மூன்றையும் விலை பேசும் முன்பே கணக்கில் சேருங்கள். கையிலிருக்கும் பணத்தில் பாதிக்குமேல் வண்டிக்குக் கொடுத்தால் வேலை நடுவழியில் நிற்கும் என்பது என் அனுபவம்.

தண்ணீர் எங்கே தங்குகிறது

துருவைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். முதல் சனிக்கிழமை எந்தப் பாகத்தையும் கழற்றாமல், விரிப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒருவரைத் தோட்டக் குழாயால் வண்டிமீது மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச் விளக்கோடு உள்ளே உட்காருங்கள். முன்கண்ணாடி ரப்பர் வழியே ஒரு கோடு இறங்கும். கதவின் அடியில் வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் கதவே வாளியாகி, அசைத்தால் சலசலக்கும். எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்று சாக்பீசால் குறியுங்கள். அந்தக் குறிகள்தாம் உங்கள் வேலைப் பட்டியல். கசிவை அடைக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் சில ஆண்டுகளில் அதே வேலையை மறுபடியும் செய்வீர்கள்.

பீட்டிலில் மோசமான இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. பின்னிருக்கையின் வலப்புறம் பாட்டரி உட்காரும் தரைத்தகடு அமிலத்தால் அரிக்கப்பட்டிருக்கும். கதவுகளுக்குக் கீழே வெப்பக் காற்றைக் கடத்தும் இரண்டு நீளமான பெட்டிக் குழாய்கள்தாம் உடலுக்கு முதுகெலும்பு. அவை உள்ளிருந்தே உளுத்துப்போகும். முன்பக்கம் உதிரிச் சக்கரம் இருக்கும் பள்ளம், முன் அச்சைத் தாங்கும் தலைப்பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். மற்ற வண்டிகளில் வாசற்படித் தகடு, சஸ்பென்ஷன் ஏறும் இடங்கள், டிக்கி மூலைகள்.

கண்டதை மூன்றாகப் பிரியுங்கள். கையில் பொடியாக ஒட்டுவது மேல்துரு. செதிலாகக் கிளம்பி, கீழே குழிகள் தெரிவது இரண்டாம் வகை. திருப்புளி உள்ளே போனால் அங்கே மருந்து வேலை செய்யாது, வெட்டத்தான் வேண்டும். இந்த மூன்றாம் வகையில் எதைப் பூசினாலும் அது என் செய்தித்தாளின் கதைதான்.

ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலை

நான் ஒரு நேரத்தில் வண்டியின் நான்கில் ஒரு பாகத்தை மட்டுமே திறந்தேன். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். நட்டுகளும் போல்ட்டுகளும் தனித்தனிப் பொட்டலத்தில், மேலே எழுதிய சீட்டோடு. சீட்டில் ‘இடது முன் மட்கார்டு, மேல் நான்கு’ என்று எழுதுங்கள். ‘போல்ட்’ என்று மட்டும் எழுதிவைத்த பொட்டலங்கள் பதினொன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இறுகிய போல்ட்டை முதல் நாளே முறுக்காதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு, மறுநாளும் விட்டு, அதற்கடுத்த நாள் முயலுங்கள். முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்றுங்கள். தலை உருண்டுவிட்டால் நட்டைக் கிரைண்டரால் பிளந்துவிடுவது மேல். புது நட்டு மலிவு, உடைந்த விரல் மலிவல்ல.

ஜாக்கின்மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சிமென்ட் கல்லும் வேண்டாம், அது எச்சரிக்கையில்லாமல் பொடிந்துவிடும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கு நிலைகள் (ஆக்சில் ஸ்டாண்ட்) நான்கு வாங்குங்கள். மற்ற கருவிகளை இரவல் வாங்கலாம், கிரைண்டரைக்கூட. இவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

ஊற வை, சுரண்டாதே

கழற்றிய சிறு பாகங்களை நான் மூன்று வாரம் கம்பித் தூரிகையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். டோங்காட் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா ஒரு மாலை வந்து பார்த்துவிட்டு, “மருமகனே, ஏன் இரும்போடு சண்டை போடுகிறாய்? ஊற வை” என்றார். மறுவாரம் ஒரு பீப்பாயில் மொலாசஸ் கொண்டுவந்து இறக்கினார். சர்க்கரை எடுத்த பிறகு எஞ்சும் கறுப்புப் பாகு அது. கரும்பு வெட்ட 1860 முதல் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தக் கரும்பின் கடைசிச் சக்கையால் ஜெர்மானிய வண்டியின் துருவை எடுப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்த மாகாணத்தில் கால்நடைத் தீவனம் விற்கும் கடைகளில் மொலாசஸ் எளிதாகக் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் கலக்கி, கிரீஸும் எண்ணெயும் துடைத்த பாகத்தை முழுவதும் மூழ்கும்படி போடுங்கள். பாகிலுள்ள கரிமப் பொருள்கள் துருவைப் பிடித்துக் கரைத்துக்கொள்ளும், நல்ல இரும்பை அதிகம் தொடாது. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அவசரக்காரருக்கு இது ஏற்றதல்ல. மூக்கு கூர்மையானவருக்கும் ஏற்றதல்ல, ஏனென்றால் பாகு புளித்து நாறும், ஈ மொய்க்கும். எங்கள் வீட்டுச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, சாராயம் காய்ச்சுகிறாயா?” என்று கேட்டார். பீப்பாயை, அதன் நாற்றம் வீட்டுப் பக்கம் வீசாதபடி, தோட்டத்தின் கடைசியில் வையுங்கள். அலுமினியம், துத்தநாகக் கலவை வார்ப்புகளை அதில் போடாதீர்கள், அரித்துவிடும்.

வெளியே எடுத்த பாகம் வெள்ளி போல் மின்னும். அதைப் பார்த்து ரசிக்க நேரமில்லை. டர்பன் ஈரத்தில் சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் திரும்பும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, உடனே வெயிலிலோ வெப்பக் காற்றிலோ உலர்த்தி, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். அன்று முடியாதென்றால் பாகத்தைப் பீப்பாயிலேயே விட்டுவிடுங்கள்.

அவசரம் என்றால் மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய மாடல் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனையைத் தொட்டிக்குள் தொங்கும் பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனையை மாற்றி மாட்டினால் உங்கள் பாகம் கரைந்துபோகும். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்காதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வெளியிலேயே செய்யுங்கள், அருகில் தீப்பொறி கூடாது. தொட்டிக்குள் கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பிரிங்குகளையும் உறுதியூட்டிய போல்ட்டுகளையும் இதில் போட வேண்டாம். ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும்.

வண்டியிலேயே இருக்கும் தகட்டுக்குப் பீப்பாய் உதவாது. அங்கே கிரைண்டரில் கம்பித் தூரிகை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கலவை. அது துருவைக் கறுப்பு இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொன்னபடி கழுவுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

வெட்டி ஒட்டும் வேலை

முதலில் ஓர் எல்லைக்கோடு. தரைத்தகடு, பாட்டரித் தட்டு, மட்கார்டு இவற்றைப் புதியவர் செய்யலாம். அச்சைத் தாங்கும் பகுதி, சஸ்பென்ஷன் ஏறும் இடம், இருக்கைப் பட்டை மாட்டும் இடம் இவற்றைச் சுத்தம் செய்து, வெட்டவேண்டியதை வெட்டி, தகட்டை அளவாகத் தயாரித்து வைத்துவிட்டு, தெரிந்த வெல்டரைக் கூப்பிடுங்கள். தயாரிப்பு வேலையை நீங்களே செய்துவிட்டால் அவர் கேட்கும் கூலி பாதியாகும். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டு மின்சாரத்தில் ஓடும், கம்பியைத் தானே ஊட்டும் சிறிய மிக் வெல்டர் போதும். கார்த் தகடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது அரிது. அதனால் 0.6 மில்லிமீட்டர் கம்பியும் வாயுவும் கொண்டு பழகுங்கள். வாயுவில்லாக் கம்பி காற்றில் வேலை செய்யும், ஆனால் மெல்லிய தகட்டைச் சுலபமாகப் பொத்தலாக்கும். நீட்டிப்பு வயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி இருந்தால் சூடேறி உருகும். ஸ்கிராப் யார்டில் ஒரு பழைய பானெட்டை வாங்கி, அதன்மேல் இரண்டு சனிக்கிழமை பழகியபின் வண்டியைத் தொடுங்கள்.

அழுகியதை வெட்டும்போது இரக்கம் காட்டாதீர்கள், முழுக் கனமுள்ள பளபளப்பான இரும்பு தெரியும்வரை போங்கள். தானியப் பெட்டி அட்டையில் அளவெடுத்து, அதே வடிவில் தகடு வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். பிறகு ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்ப்பக்கம் என்று பற்றவையுங்கள். கையால் தொடும் அளவுக்கு ஆறியபின் அடுத்த புள்ளி. ஒரே கோடாக இழுத்தால் தகடு அப்பளம் போல் நெளியும். ஓட்டை விழுந்தால் தட்டையாக்கிய செப்புக் குழாய்த் துண்டைப் பின்புறம் பிடித்து நிரப்புங்கள், செம்பில் வெல்டு ஒட்டாது. கதவுக்குக் கீழுள்ள பெட்டிக் குழாயை மாற்றுவதானால், வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து உடலைக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்து, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தபின்பே மறுபக்கம். இதைச் செய்யாமல் இரண்டையும் வெட்டியவரின் பீட்டில் வாழைப்பழம் போல் வளைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

தீ. பாட்டரியை வெளியே எடுங்கள். பீட்டிலில் பெட்ரோல் தொட்டி முன்பக்கம் இருக்கிறது, அதையும் கழற்றித் தூரத்தில் வையுங்கள். காலித் தொட்டியில் எக்காரணத்தாலும் வெல்டிங் செய்யாதீர்கள், ஆவியே வெடிக்கும். தரைத்தகட்டின்மேல் தார் அட்டை ஒட்டியிருக்கும், கீழே வெல்டு வைத்தால் அது உள்ளே புகையத் தொடங்கும். முதல்முறை என் மகள்தான் கவனித்துச் சத்தம் போட்டாள். அதனால் தாரை முன்கூட்டியே சுரண்டுங்கள், ஒருவரை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், தீயணைப்பானும் ஈரச் சாக்கும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே தேநீர் குடியுங்கள்.

பூச்சு: ஆடியில் தொடங்கி, புரட்டாசிக்கு முன்

சுத்தமான இரும்பின்மேல் முதலில் எபாக்சி பிரைமர். சாதாரணச் சாம்பல் பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். அதை மட்டும் அடித்து வண்டியை மழையில் நிறுத்துவது பெயின்டுக்குக் கீழே துருவை விதைப்பதற்குச் சமம். எபாக்சியின்மேல், தகடுகள் சேரும் எல்லா மடிப்புகளிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர். அதன்பிறகுதான் பட்டி, அதுவும் மூன்று மில்லிமீட்டருக்குள். பட்டியும் ஈரத்தை இழுக்கும், துருவின்மேல் போட்ட பட்டி அந்தத் துருவை ஈரமாகவே வைத்திருக்கும். 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று போய், நிறத்துக்கு முன் 600.

நிறத்துக்கு என் தேர்வு ட்யூகோ வகை. தின்னர் ஆவியாகி உலரும், தவறினால் மறுபடியும் தேய்த்து அடிக்கலாம், கடைசியில் மெருகேற்றலாம். கடினமாக்கி கலக்கும் இரண்டு டப்பாப் பெயின்ட் அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி தடுக்காது, வெளியிலிருந்து காற்றூட்டும் முகக்கவசம் வேண்டும். வீட்டு வாசலில், குழந்தைகள் உள்ள தெருவில் வேண்டாம். ட்யூகோவுக்கும் எபாக்சிக்கும்கூட ஆவியை வடிகட்டும் முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

டர்பனில் மழை அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் உலர்ந்த மாதங்கள். ஈரக் காற்றில் ட்யூகோ அடித்தால் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். எங்கள் தெருவில் காலத்தைக் கோயில் நாட்காட்டியால்தான் கணக்கிடுவோம்: ஆடிப் பூசைக்கு வேப்பிலை கட்டும்போது பிரைமர், புரட்டாசி விரதம் தொடங்கும் முன் நிறம். மலையிலிருந்து வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளைத் தவிருங்கள். அன்று பெயின்ட் தகட்டைத் தொடும் முன்பே உலர்ந்து சொரசொரப்பாகும், தூசியும் சேரும். கம்ப்ரசரில் நீர்வடிகட்டி இருக்கட்டும், நிலத்தை நனைத்துவிட்டு அடியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குத்தான் கடைசிக் காசு. பெட்டிக் குழாய், கதவின் உட்புறம், வாசற்படி எல்லாவற்றுக்குள்ளும் வெயிலில் சூடாக்கி இளக்கிய குழிமெழுகை நீண்ட குழலால் பீய்ச்சுங்கள். வடிகால் துளைகளை மெழுகு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர்க் குழாய், சீல், திரவம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், கேள்வியே வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். இன்ஜினைச் சாவியால் சுழற்றும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் கழித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பீட்டிலில் பாட்டரிக்கு மூடி போடாமல் பின்னிருக்கையை வைக்காதீர்கள். கனமானவர் உட்கார்ந்தால் இருக்கை ஸ்பிரிங் பாட்டரி முனையைத் தொட்டுத் தீப்பிடித்த பீட்டில்கள் உண்டு.

முதல் பெருமழைக்கு அடுத்த நாள் காலை விரிப்பைத் தூக்கி, நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நான் தடவியபோது மூன்று மூலைகள் உலர்ந்திருந்தன. பின் வலது மூலையில் மட்டும் விரல் நுனி ஈரமானது. சாக்பீசால் குறித்துவிட்டு மறுபடியும் தோட்டக் குழாயை எடுத்தேன். பின்கண்ணாடி ரப்பரின் மேல்மூலையில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தது. புது ரப்பர் வாங்கியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கண்ணாடியைக் கழற்ற வேண்டும், மாமாவும் கைகொடுக்க வருகிறேன் என்றிருக்கிறார்.